ஆடி முடியட்டும்

ஆடி 1, வியாழன்
காலையிலிருந்து தூறல். ஸ்வெட்டரைத் தேடி எடுத்தேன். வாங்க வேண்டியது: பிளேடு, மிளகு, ஜெயசீலிக்கு இரும்புச்சத்து மாத்திரை.

பேட்டரி கம்பெனிப் பங்கு இன்றும் கொஞ்சம் இறக்கம். விற்றுவிடலாமா என்று கேன்டீனில் நாகராஜைக் கேட்டேன். பாகலூர்க்காரர், வீட்டில் கன்னடம். அவரிடமும் அதே பங்குதான். "ஆஷாட முகீலி சார்" என்றார். ஆஷாட மாதம் முடியட்டுமாம். அவர்களுக்கு அமாவாசையோடு முடிகிறது. நமக்கு ஆடி இன்றுதான் பிறக்கிறது. இரண்டையும் பார்த்தால் இந்த ஊரில் எவனும் எதையும் விற்க முடியாது. நானோ இரண்டையும் பார்ப்பவன்.

ஆடி 2, வெள்ளி. அஷ்டமி
ஸ்கேன் ரிப்போர்ட் வந்தது. ஜெயசீலிக்குக் கர்ப்பப்பையில் கட்டி. "ஒரு மாசத்துக்குள்ள எடுத்துடணும், இழுக்காதீங்க" என்றார் டாக்டரம்மா.

ஆட்டோவில் வரும்போது ஜெயசீலி, "ஏங்க, என் பி.எஃப். பணத்துல வாங்குனீங்களே, அதை வித்துடுங்க." கார்மென்ட்ஸில் பதினாறு வருஷம் நின்றபடியே செக்கிங் பார்த்த பணம். சரி என்றேன். பதினெட்டாம் பெருக்கு கழியட்டும் என்று நினைத்ததைச் சொல்லவில்லை.

ஹாலில் கோயில் காலண்டர், மாதா படம் போட்டது. ராகு காலம், அஷ்டமி எல்லாம் போட்ட நகைக்கடைக் காலண்டர் பீரோ கதவின் உள்பக்கம், என் சட்டைகளுக்குப் பின்னால். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொன்னதில்லை. ஒரு அட்சய திருதியைக்கு வாங்கிய பங்கு ஏறித் தொலைத்தது. அன்று பிடித்த பைத்தியம்.

ஆடி 9, வெள்ளி
நேற்று அமாவாசை. இன்று நாகராஜ் மொத்தத்தையும் விற்றுவிட்டார். "ஆஷாடம் முடிஞ்சிடுச்சில்ல சார். நீங்களும் தள்ளிடுங்க."

எனக்கு ஆடி முடியவில்லையே. பெருக்கு ஞாயிறு. மறுநாள் திங்கள் ராகு காலம் ஒன்பதுக்கு முடிகிறது, சந்தை 9.15க்குத் திறக்கிறது. எனக்கென்றே போட்டு வைத்த மாதிரி. கொஞ்சம் நிம்மதி.

கேஸ் புக் பண்ணவில்லை. திட்டு வாங்கினேன்.

ஆடி 16, வெள்ளி. மறுபடி அஷ்டமி
கம்பெனி நஷ்டக் கணக்கு காட்டிவிட்டது. டீ பிரேக்கில் பார்த்தேன், சரிகிறது. அப்போதே விற்றிருந்தால் ஆபரேஷனுக்குப் போதுமாக இருந்திருக்கும். விரல் பட்டன் மேலேயே இருந்தது. மணி 10.40. ராகு காலம். பன்னிரண்டுக்கு மேல் பார்க்கலாம் என்று போனை லாக்கரில் வைத்தேன்.

பன்னிரண்டுக்கு மேல் வாங்க ஆளே இல்லை.

ஆடி 18, ஞாயிறு
ஏழு மணிப் பூசை. ஜெயசீலியால் முழங்கால் போட முடியவில்லை, பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். பஸ் ஸ்டாண்டில் காவேரிப்பட்டினம் பக்கம் ஆற்றுக்குப் போகும் கூட்டம், கையில் சாப்பாட்டுத் தூக்கு. எல்லாருக்கும் நல்ல நாள். எனக்கோ சந்தை லீவு.

ஆடி 19, திங்கள்
9.15. விற்கப் போட்டேன். விலை இன்னும் கீழே. வாங்க ஆளில்லை.

ஆடி 20, செவ்வாய்
அதே.

ஆடி 21, புதன்
அதே. மழை.

ஷிஃப்ட் முடிந்து வந்தேன். காபி வைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, வித்தாச்சா?"

"ஆச்சு. நல்ல விலை."

"எப்ப?"

வாய் தானாகச் சொன்னது. "பெருக்கன்னிக்கு."

தம்ளரை என் முன்னால் வைத்தாள்.

"அன்னிக்கு ஞாயித்துக்கிழமை. நாம பூசைக்குப் போனோம்."

காபி ஆறியது. அவள் பீரோவைத் திறந்து ஸ்கேன் கவரை உள்ளே வைத்தாள். கதவை மூடவில்லை. என் சட்டைகளைக் கையால் ஒதுக்கினாள். காலண்டர் தெரிந்தது.

"ஆபரேஷனுக்கும் இதுலயே ஒரு நல்ல நாள் பாத்துடுங்க" என்றாள்.