மச்சானும் ஆறு சோழியும்

1966, ஐப்பசி 4
விடிந்ததிலிருந்து மழை. சலவைத் துணி ஒன்றும் காயாது. பனியன் கம்பெனி லீவு.

எல்லாம் நான் முன்பே சொன்னதுதான். நாள் பூராவும் கட்டிங் டேபிளில் நின்றால் ஒரு நாள் படுக்கப் போட்டுவிடும் என்று மச்சானிடம் சொன்னேன். போட்டுவிட்டது. வாதம். வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் போய் ஒரு மாதம். "பேச வையுங்க, விட்டுட்டா அப்படியே நின்னுபோகும்" என்கிறார் டாக்டர். இதையும் அவருக்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன். மூன்றாம் வகுப்புதான், ஆனால் மூளை இருக்கிறது.

மச்சான் முயற்சியே செய்வதில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "என்னத் திட்டறதுக்காச்சும் வாயத் தொறந்தாப் போதும் சாமி" என்றாள்.

வாங்க: சீயக்காய், விளக்குத் திரி, செருப்புக்கு வார்.

ஐப்பசி 5
தூறல். கட்டம் வரைந்து, பித்தளைத் தாயக்கட்டையை மச்சான் முன்னால் வைத்தேன். இருபது வருஷமாக நாங்கள் ஆடுவது. நெருப்பெரிச்சலிலிருந்து வீரபாண்டி வரைக்கும் தாயத்தில் எனக்கு ஈடு கிடையாது, இவர் ஒருத்தரைத் தவிர.

மடையன் நான். தாயக்கட்டையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்ட வேண்டும். இடது கையால் எடுத்தார். வலது கையைப் பார்த்தார். கீழே வைத்துவிட்டார். அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஐப்பசி 6
கொஞ்சம் வெயில். பக்கத்து வீட்டு பாத்திமா அம்மாவிடம் ஆறு சோழி இரவல். சோழிக்கு ஒரு கை போதும். "தாயக்கட்டை தேஞ்சு போச்சுங்க மச்சா, இனிமே சோழிதானுங்க" என்றேன். நானும் இடது கையால்தான் போட்டேன்.

அவருக்குத் தாயம் விழ அரை மணி நேரம். ஒன்று விழாமல் காய் இறங்காது, முதலாளியானாலும் வெளியேதான். அந்தக் காத்திருப்பு பாதி சுகம். மீதி, வெட்டு. வெளியே சொந்தக்காரனை வெட்டினால் பஞ்சாயத்து. இங்கே வெட்டினால் இன்னொரு ஆட்டம்!

மச்சான் என் காயை வெட்டினார். பேச்சில்லை. ஆனால் காயை எடுத்து என் மடியில் எறிந்தார். பழைய எறி.

ஐப்பசி 7
நல்ல வெயில். துணி காய்கிறது. நான் அரை நாள் மட்டம்.

எனக்கு ஒரே காய் பாக்கி. நடுக் கட்டம் ஏறிப் பழமாக ஆறு வேண்டும். விழுந்தது அஞ்சு. வைத்தியத்துக்காகவே, வேண்டுமென்றே, அஞ்சை ஆறாக எண்ணி "பழம்!" என்று கத்தினேன்.

மச்சான் என் மணிக்கட்டைப் பிடித்தார். வாய் கோணியது. நெற்றி நரம்பு புடைத்தது.

"அ... அஞ்சு."

அக்கா மாவுக் கையோடு ஓடி வந்தாள். "ஏனுங்க, என்ன சொன்னீங்க?"

"அஞ்சு." என்னைக் காட்டுகிறார்.

"ஒரு மாசமா நான் கெஞ்சுனதுக்குத் தொறக்காத வாயி, இவங் கள்ளாட்டத்துக்குத் தொறக்குதா!" அழுகிறாள், சிரிக்கிறாள், மாவுக் கையால் மூஞ்சியைத் துடைக்கிறாள்.

காயைப் பழத்துக்கு ஒரு கட்டம் முன்னால் திருப்பி வைத்தேன். அப்புறம் எனக்கு ஒன்று விழவே இல்லை. மச்சான் ஜெயித்தார்.

டாக்டரிடம் சொல்ல வேண்டும், இது யார் வைத்தியம் என்று.

விளக்கு வைத்த பின்: மேலே ஒரு வரி பொய். வைத்தியத்துக்காக இல்லை. ஜெயிக்கத்தான் எண்ணினேன்.