அப்பா தீர்ந்துபோவதற்குள்

திருக்கோகர்ணம்,
4-10-1936

ரப்பர் மரங்களெல்லாம் குனிந்து கும்பிடும் மலேயா சுங்கைப்பட்டாணித் தோட்டத்து மாப்பிள்ளை கண்ணுசாமி அவர்களுக்கு, கருவாட்டுக்கடைச் சிம்மாசனத்திலிருந்து மச்சான் வீரய்யா எழுதுவது.

தங்கச்சி செங்கமலமும் பிள்ளைகளும் சுகம். செவந்திக்கு முன்பல் விழுந்தது. விழுந்த சத்தத்தில் திருச்சிக்காரர்கள் தூக்கம் கலைந்து எழுந்துவிட்டார்கள்.

இன்று ஞாயிற்றுக்கிழமையல்லவா, வழக்கம்போல் நம் படை பஸ் ஏறி விராலிமலை போனது. உங்கள் மகன் ஐயனார் மயிலைத் துரத்தினான். பிறகு மயில் அவனைத் துரத்தியது. செவந்தி பாதிப் படியில் உட்கார்ந்துகொண்டு, "தூக்கு மாமா" என்றாள். "உங்கப்பா இருந்தா மலையை அமுக்கித் தரையாக்கியிருப்பாரு" என்றேன். விறுவிறுவென்று ஏறிவிட்டாள்.

கைக்குழந்தையாக விட்டுட்டுப் போனீங்க. உங்க முகம் அவளுக்குத் தெரியாது. அதனால் வாராவாரம் கதை சொல்லி நான்தான் உங்களை வளர்த்து வருகிறேன். போன வாரம் யானையை ஒற்றைக் கையால் தூக்கினீர்கள். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கள்,
வீரய்யா

சுங்கைப்பட்டாணி,
26-10-1936

அன்புள்ள மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. கூடவே ஐயனார் எழுதிய துண்டும் இருந்தது. "அப்பா, யானையை எந்தக் கையால் தூக்கினீர்கள்?" என்று கேட்டிருக்கிறான்.

உங்களிடம் மறைத்த ஒன்றைச் சொல்கிறேன். ஆடியில் மலைக்காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பிழைத்துவிட்டேன், ஆனால் உடம்பு இல்லை. முடி கொட்டிவிட்டது. கம்பு ஊன்றித்தான் நடக்கிறேன். தை மாதம் ஊருக்கே வந்துவிடுகிறேன். செங்கமலத்துக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

மச்சான், ஸ்டேஷனில் என் மகள் என்னைப் பார்த்து, "இது எங்கப்பா இல்லை" என்று உங்கள் வேட்டிக்குப் பின்னால் ஒளிந்தால் நான் என்ன செய்வேன்? வளர்த்தது நீங்கள். நீங்களே குறைத்து வையுங்கள்.

கண்ணுசாமி

திருக்கோகர்ணம்,
6-12-1936

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து நான் விட்ட கண்ணீரில் கடைக் கருவாடெல்லாம் மறுபடி நீந்த ஆரம்பித்தது. போகட்டும். பிழைத்துக் கிடக்கிறீர்களே, அது போதும்.

குறைக்கும் வேலையை உடனே ஆரம்பித்தேன். முதல் ஞாயிறு, குளக்கரையில், யானையைக் கன்றுக்குட்டியாக்கினேன். அடுத்த வாரம் கன்றுக்குட்டி ஆடானது. போன ஞாயிறு கட்டுமாவடிக்குக் கூட்டிப்போய், கடல் பார்த்து நிற்கையில், "உங்கப்பா தண்ணிக்குடத்தைத் தூக்குறதே பெரிசு புள்ளே" என்றேன்.

செவந்தி ஓவென்று அழுதுவிட்டாள். "வாரத்துக்கு வாரம் கொறையிறாரே மாமா! இப்படியே போனா கப்பல் வாரதுக்குள்ள எங்கப்பா தீந்துபோயிருவாருல்ல?"

மாப்பிள்ளை, குறைக்கும் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டேன். அன்றிலிருந்து அவள் தின்கிற கடலைமிட்டாயில் பாதியை உங்களுக்கென்று மண்கலயத்தில் போட்டு வைக்கிறாள். எறும்புகள் உங்கள் பெயரைச் சொல்லி வாழ்கின்றன.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் இறங்கும் நாளில் நான் ஸ்டேஷனுக்கு வரமாட்டேன். கட்டுமாவடியில் கருவாடு கொள்முதல் இருக்கிறது. இல்லாவிட்டாலும் உண்டாக்கிக்கொள்வேன். அவள் ஒளிவதற்கு என் வேட்டி அங்கே இருக்கக் கூடாது.

வீரய்யா

திருக்கோகர்ணம்,
21-1-1937

கட்டுமாவடியில் ஒளிந்திருக்கும் மச்சானுக்கு,

நேற்று வந்து சேர்ந்தேன். ரயில் பெட்டியிலிருந்து இறங்கக் கால் வரவில்லை. கூட்டமெல்லாம் போன பிறகுதான் கம்பை ஊன்றி இறங்கினேன். செங்கமலம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஐயனார் அவள் பக்கத்திலேயே நின்றான்.

செவந்தி கலயத்தோடு கிட்டே வந்தாள். தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். சுற்றி வந்து பின்பக்கமும் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்து, "ஆத்தா, இம்புட்டு மிச்சம் இருக்காரே!" என்று கத்தினாள். கம்பை அவளே வாங்கிக்கொண்டு, என் கையைத் தன் தோளில் வைத்து நடத்திக் கூட்டி வந்தாள். மிட்டாயை எறும்பு தட்டித் தின்றேன்.

இன்று காலையிலிருந்து, "இட்லி இன்னொண்ணு வச்சுக்கங்க, வளரணும்ல" என்று அதிகாரம் பண்ணுகிறாள். இந்த ஞாயிறு எங்கே போவது என்று கேட்டால், மாமா இல்லாமல் படை கிளம்பாதாம். அடுத்த பஸ்ஸுக்கே வந்துவிடுங்கள்.

ஐயனார் கேட்டதை மறக்கவில்லை. யானையை இடது கையால் தூக்கினேன் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.

கண்ணுசாமி