முதலில் காலியான தட்டு

சித்தூர்
டிசம்பர், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஹன்னாவுக்கு,

நைனா எழுதுவது. நானும் அம்மாவும் தேவகிருபையால் சுகம். நீயும் உன் அறைத் தோழிகளும் மஸ்கட்டில் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம். நம் தெரு ரவி லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை அங்கே திரும்புகிறான். அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போன் இருக்கும்போது நைனா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். நான் போன் பேசினால் அம்மா பக்கத்திலேயே வந்து நின்றுகொள்கிறாள். வாட்ஸ்அப்பில் போட்டால் அந்த போனையும் அவள்தான் எடுத்துப் பார்க்கிறாள். இதை அவள் இல்லாத இடத்தில்தான் உனக்குச் சொல்ல முடியும்.

போன வாரத்துக்கு முந்தின ஞாயிறு நீ பேசும்போது, உங்கள் ஆஸ்பத்திரி வார்டில் கிறிஸ்துமஸ் பார்ட்டி, ஆளுக்கு ஒரு தீனி கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள், எல்லோருக்கும் பிடிக்கிற மாதிரி என்ன கொண்டுபோகலாம், கட்லெட்டுக்குப் பக்குவம் சொல் என்று அம்மாவிடம் கேட்டாய். அவள் போனை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அம்மாவுக்கு என்ன கோபம் என்று கேட்டாய். அடுப்பில் பால் இருக்கிறது என்று சமாளித்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. அவள் குழாயைத் திறந்து கை கழுவிக்கொண்டு நின்றாள். இந்த ஒரு வருஷமாக அவள் கை கழுவுகிற கழுவலில் விரலெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. வீடியோவில் அவள் கையைக் காட்டாததை நீ கவனித்தாயோ என்னவோ.

போன கிறிஸ்துமஸுக்கு நம் சபை ஜோனத்தானின் மகள் ஷைனி காய்ச்சலில் இறந்துபோனாள் என்று உனக்குச் சொன்னோம். அது முழு உண்மை இல்லை. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அம்மா சபையில் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டாள். தூரத்தில் தனியாக இருக்கிற பிள்ளை, வேலையில் கவனம் போய்விடும் என்றாள்.

நடந்தது இதுதான். கேரல் ஆராதனை முடிந்ததும் எப்போதும் போல ஹாலில் மேஜை போட்டு, வீட்டுக்கு ஒரு தீனி வைத்தார்கள். அம்மா கோழி கட்லெட் கொண்டுபோனாள். வருஷா வருஷம் முதலில் காலியாகிற தட்டு அவளுடையது என்பது உனக்குத் தெரியும். அன்றைக்கும் அப்படித்தான். போதகர் ஜெபித்து முடிக்கும் முன்னமே பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். கடைசியில் தட்டில் தூள்கூட மிஞ்சவில்லை. அம்மா வெறும் தட்டைத் தூக்கிக்கொண்டு சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் காலையில் ஒவ்வொரு வீடாக வாந்தியும் பேதியும் என்று செய்தி வந்தது. பெரியவர்கள் இரண்டு மூன்று நாளில் தேறினார்கள். ஷைனி தேறவில்லை. ஜோனத்தானின் தங்கை திருப்பதியில் இருப்பதால் அங்கே கொண்டுபோனார்கள். ஐந்து வயசுப் பிள்ளை, உடம்பில் நீரே இல்லை, ரத்தத்தில் கிருமி சேர்ந்துவிட்டது என்றார்களாம். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் போய்விட்டாள். திருப்பதியிலிருந்து அந்த வண்டி வந்தபோது சர்ச்சில் ஸ்டார் விளக்கைக்கூட யாரும் இறக்கியிருக்கவில்லை. போதகர் ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தார்.

எந்தத் தீனியால் வந்தது என்று கடைசிவரை தெரியவில்லை. தண்ணீரை எடுத்துப்போய்ப் பார்த்தார்கள், சுத்தம் என்றார்கள். மிஞ்சிய கேக்கைப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. கட்லெட்டில் பார்க்க ஒன்றும் மிஞ்சவில்லை. நான் வேலை பார்த்த மாங்கூழ் ஃபாக்டரியில் ஒவ்வொரு பேட்சிலும் ஒரு டப்பா எடுத்துப் பத்திரமாக வைப்போம், நாளைக்கு ஒரு புகார் வந்தால் திறந்து பார்க்க. வீட்டில் கட்லெட் சுடுகிறவள் அப்படி எடுத்து வைப்பாளா? சபையார் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். படுத்தவர்கள் எல்லோரும் தின்றது எது என்று கேட்டால் கட்லெட். படுக்காதவர்களும் அதைத்தான் தின்றார்கள் என்று நான் சொன்னேன். அதை யாரும் காதில் வாங்கவில்லை. எல்லோருக்கும் பிடித்ததே அவளுக்கு வினையாக வந்தது.

யாரும் முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. பெண்கள் ஐக்கியத்துக்குத் தலைவியாக இருக்கிற பொன்னியம்மாள் வந்து அம்மாவைப் பார்த்து, கிரேஸுக்கு வயசாகிறது, இனிமேல் சமையல் வேலை வேண்டாம், பாட்டோடு இருக்கட்டும் என்றார். ஒரு துக்க வீட்டுக்கு அம்மா புளிசாதம் கட்டி எடுத்துக்கொண்டு போனாள். சாயங்காலம் அதே சாதம் அந்த வீட்டுச் சந்தில் நாய்க்குக் கொட்டிக் கிடந்ததை நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம். அதிலிருந்து அவள் வீட்டிலேயே கறி எடுப்பதை நிறுத்திவிட்டாள். எனக்குச் சோறு போட்டுவிட்டு, நான் தின்று முடிக்கும் வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் இருமினால் பதறுவாள். தன் கையால்தான் அந்தப் பிள்ளை செத்தது என்று அவளே நம்பிவிட்டாள், ஹன்னா. நான் எவ்வளவோ சொன்னேன். கட்டின புருஷன் வேறு என்ன சொல்வான் என்று விட்டுவிட்டாள்.

நீ போன் செய்த அதே வாரத்தில் ஒரு மத்தியானம் ஜோனத்தானின் மனைவி வரலட்சுமி நம் வீட்டுக்கு வந்தாள். பிள்ளை போன பிறகு அவள் நம் வாசலை மிதித்தது அதுதான் முதல் தடவை. நானும் கூடத்தில் இருந்தேன். அம்மா எழுந்து நின்றுவிட்டாள். நாற்காலி போட்டும் அந்தப் பெண் உட்காரவில்லை. "ஆன்ட்டி, பாப்பா உங்க கட்லெட்டத் துன்னவே இல்ல" என்றாள். "ஒரு வாய் கடிச்சா. காரம்னு என் கையிலயே துப்பிட்டா. அப்பறம் நான் செஞ்சி எடுத்துக்கினு வந்த சாண்ட்விச்சுதான் துன்னா. அதான் இஷ்டமாத் துன்னா."

போனில் பார்த்து, பச்சை முட்டையை மிக்ஸியில் அடித்து மயோனைஸ் செய்தாளாம். காலையிலேயே தடவி, டப்பாவில் அடைத்து, சாயங்காலம் வரை வெளியிலேயே வைத்திருந்தாளாம். அவள் தெலுங்கு வீட்டிலிருந்து, நம் சபையில் சேர்ந்து, ஜோனத்தானைக் கட்டிக்கொண்டவள். மேஜையில் அவள் டப்பாவை அதிகம் பேர் தொடவில்லை. புதுப் பெண் மனம் நோகக்கூடாது என்று சிலர் ஒன்று எடுத்தார்கள். பொன்னியம்மாளும் எடுத்தார், அவரும் படுத்தார். மிச்சத்தை வரலட்சுமி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொட்டி, டப்பாவைக் கழுவிவிட்டாள். எல்லோரும் கட்லெட் என்று சொன்னபோது வாய் திறக்கத் தெம்பில்லை என்றாள். ஜோனத்தானுக்கும் தெரியாது, மாமியாருக்கும் தெரியாது. அந்த அம்மா இன்றைக்கும் அவளைத் தன் வீட்டுப் பெண்ணாக நினைக்கவில்லை.

சாண்ட்விச்தான் காரணம் என்று இன்றைக்கும் யாராலும் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் ஷைனி வயிற்றுக்குள் அம்மாவின் கட்லெட் போகவில்லை. அது மட்டும் நிச்சயம்.

நம் அம்மா அழுவாள், இல்லையென்றால் கத்துவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது ஒன்றுதான். "எத்தனை மாசம்?" என்றாள். அப்போதுதான் நான் அந்தப் பெண்ணின் வயிற்றைக் கவனித்தேன். நாலு மாசம் என்றாள். இந்த வருஷ கேரல் அன்றைக்கு சாட்சி நேரத்தில் எழுந்து எல்லார் முன்னாலும் சொல்லிவிடப்போகிறேன், "நா வல்ல காவட்லேது, ஆன்ட்டி" என்றாள். என்னால் முடியவில்லை என்று அதையே தமிழிலும் சொன்னாள். அம்மா அவள் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். "என்கிட்ட சொன்னதோட விட்டுடு. வயித்துல ஒண்ண வெச்சிக்கினு இதைச் சொல்லிட்டு நீ எங்க போவ?" என்றாள். வரலட்சுமி எழுந்து போய்விட்டாள். உண்மை வெளியே வந்தால் வரட்டுமே, நாம் ஏன் தடுக்க வேண்டும் என்று நான் அம்மாவிடம் சண்டை போட்டேன். வரலட்சுமிக்கு அவள் பாடு என்றால் எனக்கு என் மனைவியின் பாடு.

இந்த வெள்ளிக்கிழமை கேரல் ஆராதனை. வீட்டில் செய்தது எதையும் கொண்டுவரக்கூடாது, கடையில் சீல் வைத்து வருவதுதான் என்று போதகர் முன்பே சொல்லியிருந்தார். மேஜை முழுக்க சிப்ஸ் பாக்கெட்டும் பிஸ்கட் பாக்கெட்டும். பிள்ளைகளுக்குக்கூட அதில் ஆசையில்லை. சாட்சி நேரம் வந்தது. யாரோ ஒருவர் வேலை கிடைத்ததற்கு நன்றி சொன்னார். அடுத்து வரலட்சுமி எழுந்து முன்னால் வந்தாள். மைக்கைப் பிடித்து, "அன்னிக்கு எங்க பாப்பா" என்று ஆரம்பித்தாள். அதற்குமேல் வார்த்தை வராமல் நின்றாள்.

அம்மா என் பக்கத்திலிருந்து எழுந்தாள். நான் அவள் முந்தானையைப் பிடித்தேன். திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள், நான் விட்டுவிட்டேன். நேராகப் போய் வரலட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டு மைக்கைத் தான் வாங்கினாள். "இந்தப் பொண்ணு சொல்ல வர்றத நானே சொல்றேன். அன்னிக்கு ஷைனிக்கு நான்தான் என் கையால ஊட்டினேன். வேணாம்னா, கெஞ்சி ஊட்டினேன். ஒரு வருஷமா சொல்லாம வெச்சிக்கினு இருந்தேன். என்னை மன்னிச்சிடுங்க" என்றாள்.

வரலட்சுமி இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள். துக்கத்தில் ஆட்டுகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அம்மா அவளைத் தன்மேல் சாய்த்துக்கொண்டு முகத்தை மறைத்துவிட்டாள். போதகர் மன்னிப்பைப் பற்றி ஜெபித்தார். நான் எழுந்து பொய் என்று கத்தியிருக்கலாம். உட்கார்ந்தே இருந்தேன்.

ஜோனத்தான் வந்தான். சின்ன வயசில் நீயும் அவனும் ஞாயிறு பள்ளியில் ஒரே வகுப்பு. அவன் நம் அம்மாவுக்கு முன்னால் வந்து நின்று, "அன்னிக்கே சொல்லியிருந்தா டாக்டர்கிட்ட சொல்லியிருப்பேனே, ஆன்ட்டி" என்றான். அம்மா, பயந்துவிட்டேன் என்றாள். அவன் வரலட்சுமியைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனான். அவன் அம்மாகூட அன்றைக்கு மருமகளின் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே போனார். மற்றவர்கள் சிலர் வந்து அம்மாவிடம் கைகுலுக்கி, மன்னித்துவிட்டோம் என்றார்கள். பொன்னியம்மாள் கட்டிப்பிடித்தே அழுதார். சந்தேகப்பட்ட காலத்தில் இல்லாத அன்பு. அதை என்னால் பார்க்க முடியவில்லை.

நேற்று போதகர் வீட்டுக்கு வந்தார். கிரேஸ் அம்மா இருக்கும் சர்ச்சில் தன்னால் உட்கார முடியாது என்று ஜோனத்தான் சொல்கிறானாம். இத்தனை வருஷம் பாடகர் குழுவில் நின்றவள், மறுபேச்சு இல்லாமல், நாங்கள் காலையில் தெலுங்கு ஆராதனைக்குப் போய்க்கொள்கிறோம் என்றாள். இன்றைக்குப் போனோம். கடைசி வரிசை. பாட்டுகளின் ராகம் அவளுக்குத் தெரியும், வார்த்தை தெரியாது. உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றாள்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், வெள்ளிக்கிழமையிலிருந்து அவள் தூங்குகிறாள். கை கழுவுவது குறைந்திருக்கிறது. தூக்கம் போனது எனக்குத்தான். யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்டாள். நான் செய்யவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். ஊரே உன் அம்மாவை வேறு மாதிரி நினைத்துவிட்டது. நீயாவது உள்ளதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சபையில் யாராவது உனக்குப் போன் செய்து, உன் அம்மா ஒப்புக்கொண்டாள், பாவம், என்பார்கள். நீ அவர்களிடம் ஒன்றும் பேசாதே. அம்மாவிடமும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு.

நீ கேட்ட பக்குவத்தை நான் பார்த்தவரை சொல்கிறேன். கோழியை மிளகு, இஞ்சி போட்டு வேகவைத்து, எலும்பு நீக்கி உதிர்த்துக்கொள். உருளைக்கிழங்கு நன்றாக ஆறின பிறகுதான் பிசைய வேண்டும், சூட்டில் பிசைந்தால் எண்ணெயில் பிரிந்துவிடும். பச்சை மிளகாய், கொத்தமல்லி, வதக்கின வெங்காயம். தட்டி, முட்டையில் தோய்த்து, நுணுக்கின ரஸ்கில் புரட்டிச் சுட்டெடு. சூடு ஆறும் முன்னே கொண்டுபோய்க் கொடு. தோழிகள் சிரித்தாலும் பரவாயில்லை, ஒன்றே ஒன்றை மூடி ஃப்ரிட்ஜில் எடுத்து வை.

வரலட்சுமிக்கு மே மாதம் நாள். அவள் பெயரைச் சொல்லி தினமும் ஜெபி. முடிந்தால் உன் லீவை அப்போதே கேள். அம்மாவால் அந்த வீட்டுக்குள் போக முடியாது. நீ போய்ப் பிள்ளையைக் கையில் வாங்கிப் பார். பார்த்துவிட்டு வந்து, யார் ஜாடை, தலைமுடி எவ்வளவு, எப்படி அழுகிறது என்று எல்லாவற்றையும் உன் அம்மாவிடம் சொல். அவள் கேட்க மாட்டாள். நீயாகச் சொல்ல வேண்டும், மகளே.

கர்த்தர் உன்னையும் உன் கைகளையும் காப்பாராக.

என்றும் உன் நலம் நாடும் நைனா,
நேசகுமார்