கொண்டையின் விலையைக் குறைக்கவில்லை

என் மக்கா சூசை,

நீ போன பிறகு சண்டை போட ஆளில்லை. அதனால் எழுதுகிறேன். கேட்க வேண்டியவன் நீ. மற்றவர்களும் கேட்டால் நல்லது. கோயில் முற்றத்தில் என்னைப் பற்றி நீ சொன்னதை அவர்களும்தானே கேட்டார்கள்.

துபாயில் இடுப்பொடிந்து திரும்பி வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாய். விளையாட்டுக்குள் ராட்சசர்களைக் கொன்று நீ சாமான் கொண்டுவருவாய். அதை அங்குள்ள ஏலப் பலகையில் விற்பது என் வேலை. வடசேரிச் சந்தையில் மீன் விற்றவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பலகையைப் பார்த்துப் பார்த்து நானே படித்தேன். எந்தச் சாமான் அருகிப்போனது, யார் அவசரத்தில் விற்கிறான், எந்தக் கிழமை கூட்டம் வரும் என்பதெல்லாம் உன்னைவிட எனக்குத் தெரியும்.

முதல் கொண்டை கிடைத்தது நினைவிருக்கிறதா? சிவப்பு இறகு வைத்த தலைக்கவசம். அதன் இங்கிலீஷ் பெயர் வாயில் நுழையாமல் நாம் கொண்டை என்றோம். பலகையில் அதைப்போல வேறொன்று இல்லை. காலையில் பெரிய விலை போட்டேன். மதியம்வரை ஒருவரும் தொடவில்லை. குறைத்தேன். வெயில் தாழ்ந்ததும் இன்னும் குறைத்தேன். விற்றுப்போனது.

நீ வந்து பார்த்துக் கத்தினாய். "யக்கா, இது என்ன சாளை மீனா? பொழுதடைஞ்சா நாறிப் போவுமா?"

"வாங்க ஆளில்லாதது எல்லாம் நாறுனதுதாம்லே."

"இதுக்கு ஐஸ்கூட வேண்டாம் யக்கா! வருசம் கிடந்தாலும் அப்படியே இருக்கும்!"

அதைத்தான் கோயில் முற்றத்தில் ஊரெல்லாம் கேட்கச் சொல்லிச் சிரித்தாய்.

அடுத்த கொண்டையை நீயே பலகையில் வைத்தாய். ஒருவருக்கும் எட்டாத விலை. "இதுல கை வச்சியா, பாத்துக்க" என்றாய். வாங்க ஆள் வருவான் என்று காத்திருந்தாய். வரவில்லை. கடைசியாக நெய்யூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் "கொண்டை போச்சா?" என்றுதானே கேட்டாய்?

உனக்குத் தெரியாத சேதி ஒன்று. இந்தக் கிறிஸ்துமஸுக்கு விளையாட்டை நடத்துகிறவர்கள் எல்லாருக்கும் ஒரு கொண்டையைச் சும்மா கொடுத்துவிட்டார்கள். நேற்று வந்தவன்கூடத் தலையில் வைத்துக்கொண்டு திரிகிறான். இப்போது சொல், நாறியதா இல்லையா? அரிய பொருளுக்கும் பொழுது அடையும். அதைத்தான் அன்றே சொன்னேன்.

பலகையில் வைத்த சாமான் விற்காவிட்டால் சில நாளில் திரும்பி வந்துவிடும். உன் கொண்டையும் வருகிறது. மறுபடி வைக்கக் கூலி கட்ட வேண்டும். கட்டி வைக்கிறேன், அதே விலைக்கு. விற்பவர் என்ற இடத்தில் உன் பெயர் வருகிறது.

போன வாரம் யாரோ ஒருவன் அதில் எழுதிக் கேட்டான்: "அண்ணே, இது இப்ப சும்மாவே கிடைக்குதே. யாரு வாங்குவா? குறைங்க."

"குறைக்க முடியாது" என்று எழுதினேன்.

"அப்ப எதுக்குண்ணே விக்கிறீங்க?"

நான் அண்ணன் இல்லை என்று அவனிடம் சொல்லவில்லை.

உன் கணக்கை ஒப்புக்கொண்டேன் என்று நினைக்காதே. நீ சொன்னது அன்றும் தப்பு, இன்றும் தப்பு. ஆனால் பலகை இருக்கும்வரை உன் கொண்டை உன் விலையிலேயே கிடக்கும். எவன் கேட்டாலும் குறைக்க மாட்டேன்.

உன் பேச்சுக்கு அடங்காத
உன் ரோசம்மா அக்கா