கிணறு கரித்த கோடை

அக்கா,

இன்று காலை தேயிலைப் பொட்டலத்தைப் பிரித்தேன். வாசம் மூக்கில் ஏறியதும் கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். போன வாரம்தான் உன் மகன் கோத்தகிரியிலிருந்து போன் பண்ணி, நீ போய்ச் சேர்ந்த செய்தியைச் சொன்னான். அப்போது வராத அழுகை, இந்தப் பாழாய்ப்போன தேயிலைக்கு வருகிறது.

எழுபதுகளில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டு, முகாமில் கிடந்து, கடைசியில் சாத்தான்குளத்துக்குத் தெற்கே தேரிக்காட்டு ஓரம் ஆளுக்கொரு துண்டு நிலம் கிடைத்து வந்து இறங்கினோமே! மலையில் பிறந்த நமக்கு அந்தச் செம்மணலைப் பார்த்ததும் தலை சுற்றியது. ஓலைக் குடிசை போட்டோம். ஆடிக் காற்றில் சோற்றுக்குள் மணல் விழும். தட்டையான அந்த மணலில் நின்ற குடிசைகளுக்கு, தோட்டத்து வீட்டு வரிசைகளைப் போல மேட்டு லயம், பள்ளத்து லயம் என்று பேர் வைத்து நீதான் எல்லோரையும் சிரிக்கவைத்தாய். "இனி எங்கயும் போறதில்ல புள்ள, செத்தாலும் இந்த மண்ணுதான்" என்று சொல்லிக்கொண்டே குடிசையைச் சுற்றி முருங்கைக் கம்புகளை நட்டாய்.

நமக்கிருந்தது ஒரே கிணறு. ஆழமில்லை, ஆனால் அவ்வளவு ருசியான தண்ணீர். சித்திரையில் அது வாளி முங்காத அளவுக்கு வற்றியது. மலையில் ஊற்றுக்கண் தேடித் தோண்டிப் பழகியவர்கள் நம் ஆண்கள். இன்னும் தோண்டினால் இன்னும் தண்ணீர் என்று இறங்கிவிட்டார்கள், உன் வீட்டுக்காரர்தான் முன்னால். நாமும் மண் சுமந்தோம். ஒரு மத்தியானம் தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. குலவை போட்டோம். அந்தத் தண்ணீரில் நானே எல்லோருக்கும் தேத்தண்ணி போட்டேன்.

நீ ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏன் புள்ள, சீனின்னு நெனச்சு உப்ப அள்ளிப் போட்டியா?" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு நீ குடத்துக்குள் கையைவிட்டு நக்கிப் பார்த்தாய். உன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோனது.

மறுநாள் மணப்பாட்டுக் கடற்கரையிலிருந்து மீன் விற்க வந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏளா, ஒரு வார்த்தை கேக்கப்படாதா? இங்கன நல்ல தண்ணி மேலதான் நிக்கும். அடியில கடலுல்லா கெடக்கு!"

யாரைக் கேட்பது என்றுகூட அப்போது நமக்குத் தெரியாதே, அக்கா. தோண்டிய மணலை அள்ளித் திரும்பக் கிணற்றுக்குள் கொட்டிப் பார்த்தோம். கரிப்பு போகவில்லை. அந்தத் தண்ணீரையே நீ முருங்கைக்கு ஊற்றினாய். இலை பழுத்து உதிர்ந்த பிறகும் ஊற்றிக்கொண்டிருந்தாய். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

கோத்தகிரி மலைத் தோட்டத்தில் வேலை இருக்கிறதென்று லாரி வந்தது. ஒவ்வொரு குடும்பமாக ஏறியது. ஏற மாட்டேன் என்று நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். "நீ சொன்னா அவரு கேப்பாரு. சொல்லு புள்ள."

உன் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அண்ணே, அக்காவுக்காக இருங்களேன்."

அவர் கோபப்படவில்லை. "தண்ணி குடும்மா, இருந்துடுறோம்" என்றார்.

நான் என்னத்தைக் கொடுப்பேன்? நீயும் என் கையை விட்டுவிட்டு லாரியில் ஏறினாய். கொஞ்ச நாளில் நாங்களும் ஆற்றோரத்து ஏரலுக்கு வந்து ஒண்டிக்கொண்டோம்.

அதற்குப் பிறகு யார் போகிறேன் என்றாலும், இருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. என் மகன் துபாய்க்குக் கிளம்பிய அன்று, ஒரு வார்த்தை தடுத்தால் நின்றுவிடுவான் போல என் முகத்தையே பார்த்துக்கொண்டு வாசலில் நின்றான். நான் அவன் பையைத் தூக்கிக் கொடுத்தேன், அக்கா.