கழிப்பறைக்கு நான் போட்ட ஐந்து

இதை யாருக்கும் காட்டாதே. இறந்துபோனவளிடம் இப்படிக் கேட்பது பைத்தியக்காரத்தனம்தான். ஆனாலும் பயமாக இருக்கிறது. அப்பா தூங்கிவிட்டார், குசினியில் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன்.

எதிரே உன் நீலத் தண்ணீர்ப் போத்தல். இன்று சாயந்தரம் உன் அம்மா கொண்டுவந்து தந்தார். “நீ ஸ்கூலுக்குக் கொண்டு போ புள்ள. அவளுக்குக் காலையில நெரப்பிக் குடுப்பேன், அப்புடியே திரும்பி வரும்” என்றார். அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

போன வருடம் பதுளைக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் ஒரு படிவம் தந்தார்கள், நினைவிருக்கிறதா? சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை பள்ளிக்கூடத்தில் எங்கெல்லாம் போக முடியும், ஒவ்வொரு இடத்துக்கும் ஐந்துக்கு எத்தனை புள்ளி என்று. உன் நாற்காலியைத் தள்ளுகிறவள் நான் என்பதால் டீச்சர் அதை என்னிடம் தந்தார். கழிப்பறைக்குப் பதினொரு படி இறங்க வேண்டும். நானும் வகுப்பில் இன்னும் இரண்டு பிள்ளைகளும் உன்னைத் தூக்கிக்கொண்டு இறங்குவோம். அதனால் ஐந்து போட்டேன். நம் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் யாருக்கு உடம்புக்கு முடியாமல் போனாலும் கம்பளியில் வைத்து ரோடு வரைக்கும் தூக்கிப் போகிறோம். தூக்க ஆள் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.

நீ எட்டிப் பார்த்தாய். “அஞ்சா? கக்கூசுக்குப் போட்டியா, ஒங்க முதுகுக்குப் போட்டியா?” எல்லோரும் சிரித்தோம். நீயும் சிரித்தாய்.

அந்தப் புள்ளியால் சாய்தளம் கட்டும் பட்டியலில் நம் பள்ளிக்கூடம் வரவில்லை. நீ பள்ளிக்கூடத்தில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாய். கேட்டால் “தாகமில்லடி” என்பாய். நானும் நம்பினேன். இல்லை, நம்பவில்லை. தூக்குகிற வேலை மிச்சம் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

சிறுநீரகத்தில் கிருமி என்றார்கள். “புள்ள தண்ணியே குடிக்கிறதில்லையா?” என்று டாக்டர் கேட்டபோது உன் அம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

நாளை அவர்கள் மறுபடி வருகிறார்கள். “போன தடவ போட்டதையே போடு, ஸ்கூல் பேரக் கெடுக்காத” என்று புதுப் படிவத்தைத் தந்து டீச்சர் சொல்லிவிட்டார். அப்பா நம் பள்ளிக்கூடத்தில்தான் வாட்ச்சர். அவர் வேலைக்கு ஏதும் வந்துவிடுமோ.

ஆனால் ஆறாம் வகுப்புக்கு ஊன்றுகோலோடு ஒரு சின்னப் பிள்ளை வந்திருக்கிறாள். இன்று பள்ளி விடும்போது அவள் போத்தலைத் தூக்கிப் பார்த்தேன். கனத்தது.

கழிப்பறைக்குப் பூச்சியம் போட்டுவிட்டேன், பேனாவால். உன் போத்தலை இனி நான்தான் கொண்டுபோவேன். நாளை அவள் பக்கத்தில் உட்கார்ந்து

கதவைத் தட்டுகிறார்கள். “யாரு உள்ள? இன்னும் வெளக்கு எரியுது?” அப்பா. படிவத்தை ஒளிக்க மாட்டேன். இந்தக் கடிதத்தை மட்டும்