தோட்ட நோட்டில் இல்லாத கையெழுத்து

பிப்ரவரி 9, ஞாயிறு

ஏழாம் பாத்தியில் ஒன்றுமில்லை. வெறும் மண். தையல்காரி அதன் ஓரத்தில் குந்தியிருந்தாள். "பதினஞ்சு நாள் காத்திருந்து முளைச்சதுக்கா. போன வாரம்தான் பொடிப்பொடியா இலை விட்டுச்சு. கேரட்டுக்கா, முதல் தடவையா போட்டேன்." அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

குடியிருப்புக்குப் பின்னால் குப்பை கொட்டிக் கிடந்த இடம். எட்டுப் பேர் சேர்ந்து, பைசா சம்பளம் இல்லாமல், மூன்று வருடம் முதுகொடிய உழைத்துப் பன்னிரண்டு பாத்தி ஆக்கியிருக்கிறோம். யார் எதைத் தொட்டாலும் கொட்டகை ஆணியில் தொங்கும் நோட்டில் தேதி, நேரம், வேலை, கையெழுத்து. நான் வைத்த சட்டம். பஸ் டிப்போவில் இருபத்தாறு வருடமாக நேரம் குறிக்கிறவள் நான். எழுதாத வண்டி என் கேட்டைத் தாண்டியதில்லை.

நோட்டைப் புரட்டினேன். ஏழாம் பாத்தியை வேறு யாரும் தொட்டதாக இல்லை. அப்படியானால் திருட்டுத்தான்!

"விடுக்கா, வேற போட்டுக்கலாம்" என்கிறான் என் தம்பி. லிப்ட் மெக்கானிக், பக்கத்துக் கட்டடத்தில் இருக்கிறான், எங்கள் பம்புக்கும் அவன்தான் வைத்தியன். அவனுக்கு எல்லாமே 'விடுக்கா'தான்.

தையல்காரியைத் தனியே கூப்பிட்டேன். "மறுபடி போடு. எங்க போட்டேன்னு யாருக்கும் சொல்லாதே. எனக்கும் சொல்லாதே. நோட்டுலயும் எழுதாதே." திருடன் எப்படி வருகிறான், பார்த்துவிடலாம்.

பிப்ரவரி 21, வெள்ளி

டிப்போவுக்குப் போகும் முன், ஐந்தேகாலுக்கே தோட்டம். ஒரு சாக்கு நிறையப் பார்த்தீனியம் பிடுங்கினேன். சனியன் பிடித்த களை. வெறுங்கையால் தொட்டால் எனக்கு முழங்கை வரை தடித்துவிடும். அந்தக் கிழிசல் இலையைக் கண்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. மற்ற ஏழு பேருக்கும் கண்ணில்லையா? ஞாயிற்றுக்கிழமை வந்து போட்டோ எடுத்துக்கொள்ள மட்டும் கண் தெரிகிறது.

முதுகுக்குப் பின்னால் என்னை 'மணிக்கூண்டு' என்கிறார்களாம். எங்களில் ஒருத்தியான நர்ஸ் வாய்தவறி உளறிவிட்டாள். சொல்லிக்கொள்ளட்டும். இந்த மணிக்கூண்டு இல்லையென்றால் தோட்டம் என்றைக்கோ காடாகியிருக்கும்.

இந்த விடிகாலை வேலையை நான் நோட்டில் எழுதுவதில்லை. எழுதி யாரிடம் நல்ல பேர் வாங்கணும்?

மார்ச் 5, புதன்

இன்றும் ஒரு சாக்கு களை. பம்பு ஓரத்துப் பாத்தி வரை வந்துவிட்டது. இடுப்பு போச்சு. ஒருத்தர் எட்டிப் பார்க்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

மறுபடியும்! இந்த முறை பம்பு ஓரத்துப் பாத்தியிலாம். அங்கே போட்டது தையல்காரிக்கு மட்டும்தான் தெரியும். அப்படியும் ஒன்றுவிடாமல் போயிருக்கிறது. அப்படியானால் எடுத்தவனுக்குக் கேரட் இலையைப் பார்த்ததும் தெரிகிறது. யார் அது?

"முயலுக்குத்தான் கேரட் இலைன்னா உசுரு" என்று நர்ஸ் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தம்பி வீட்டுப் பால்கனியில் ஆறு முயல். விடிகாலையில் பம்புக்கு கிரீஸ் போட வருகிறவனும் அவன்தான். அன்றைக்கு 'விடுக்கா' என்றதும் அவன்தான்.

இருக்காது. இருக்குமா?

மார்ச் 16, ஞாயிறு

கேட்டுவிட்டேன். எல்லார் முன்னாடியும்தான் கேட்டேன். ஊருக்கு ஒரு நியாயம், என் தம்பிக்கு ஒரு நியாயமா?

"உன் முயலுக்கு இவ போட்ட கேரட்தான் கெடைச்சுதாடா?"

"நான் எடுக்கலக்கா."

"அப்ப யார் எடுத்தா?"

வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். அவனுக்குத் தெரியும், முகத்திலேயே எழுதியிருந்தது. ஆறு வயதில் பக்கத்து வீட்டுக் கண்ணாடியை உடைத்துவிட்டு நின்றானே, அதே முகம். எனக்கு வெறி வந்துவிட்டது. "திருடக் கத்துக்குடுத்தா உன்னை வளர்த்தேன்?" என்றேன். ஆமாம், சொன்னேன். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

கொட்டகைச் சாவியை நோட்டு தொங்கும் ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டான்.

போகட்டும். தப்புப் பண்ணினவனுக்கு ரோஷம் வேறயா? அம்மா போனபோது அவனுக்குப் பத்து வயது. தலை வாரி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி... எதுக்கு இதெல்லாம் இப்ப எழுதுறேன்?

மார்ச் 23, ஞாயிறு

பம்பு உறுமுகிறது, தண்ணீர் ஏறவில்லை. எட்டுப் பேரில் ஏழு பேர் வீட்டிலிருந்து வாளியில் சுமந்தோம். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. பேசவே இல்லை. அதுதான் எரிகிறது.

போன் போட்டேன். தம்பி பெண்டாட்டி எடுத்தாள். "அவர் வெளியே போயிருக்கார் அண்ணி." பின்னால் அவன் இருமுவது கேட்கிறது.

ஞாயிறு மதியம் அவன் என் வீட்டில்தான் சாப்பிடுவான். பழக்கதோஷம், இரண்டு தட்டு எடுத்துவிட்டேன். ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைத்தேன். எனக்கென்று வேறு யார் இருக்கிறார்கள் இந்த உலகத்தில்? அது அவனுக்கும் தெரியும். தெரிந்தும் வரவில்லை பார்.

ஏப்ரல் 10, வியாழன்

இன்று டிப்போவில் மூன்று வண்டிக்கு நேரம் தப்பாகக் குறித்தேன்.

விடிகாலை, ஒன்பதாம் பாத்தி. வழக்கம்போல் பார்த்தீனியம் என்று பிடுங்கிக்கொண்டே போனேன். கையுறையில் ஏதோ மாட்டியது. இழுத்தால் நூல். வெள்ளைத் தையல் நூல். பாத்தியின் இந்த முனையில் ஒரு குச்சி, அந்த முனையில் ஒரு குச்சி, நடுவே விறைப்பாகக் கட்டிய நூல். அதன் அடியில், நூல் பிடித்த மாதிரியே, விரலிடை விட்டு விரலிடை விட்டு என் 'களை'.

களை வரிசையாக முளைக்குமா?

கையுறையைக் கழற்றி, பிடுங்கியதைக் கசக்கி மோந்து பார்த்தேன். கேரட். வெறுங்கையில் அரை மணி நேரம் வைத்திருந்தேன். தடிக்கவில்லை.

பதினோரு நாற்று என் கையில். முன்னால் போன இரண்டு பாத்தியும் என் சாக்கில்தான் போயிருக்கின்றன. எங்கே விதைத்தாய் என்று எனக்கும் சொல்லாதே என்றவள் நான். எழுதாமல் எதையும் தொடக்கூடாது என்றவள் நான். அடுத்தவள் பாத்தியை எழுதாமல் தொட்டவள் நான் ஒருத்தி மட்டும்தான்.

அடிப்பாவி. உன் வாயில மண்ணைப் போட.

ஏப்ரல் 13, ஞாயிறு

எல்லாரையும் கொட்டகைக்கு முன்னால் நிற்கவைத்து, நோட்டில் எழுதி, உரக்கப் படித்தேன். 'ஏழாம் பாத்தி, பம்பு ஓரப் பாத்தி, ஒன்பதில் பதினொன்று. களை என்று நினைத்துக் கேரட்டைப் பிடுங்கியது நான். என் தம்பி எடுக்கவில்லை.' கீழே கையெழுத்து.

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். தையல்காரி ஒன்பதாம் பாத்தியை எட்டிப் பார்த்தாள். பிறகு, "மிச்சம் இருக்குல்லக்கா, அது போதும்" என்றாள். நாலு அறை விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அங்கிருந்து நேராகத் தம்பி வீடு. கதவைத் திறந்தான், உள்ளே கூப்பிடவில்லை. சொன்னேன். ஆச்சரியமே படவில்லை.

"ரெண்டாவது தடவை நீ பிடுங்கினப்ப பார்த்தேன். நீ போனப்புறம்தான் சாக்கைக் கிளறினேன்."

"பார்த்தியா! அப்பவே ஏண்டா சொல்லல?"

"தனியா சொல்லலாம்னு இருந்தேன். நீ அத்தனை பேரை வச்சுக்கிட்டு கேட்டே. அத்தனை பேர் முன்னாடி 'நீதான்க்கா'ன்னு சொல்லச் சொல்றியா?"



"வேலைக்கு நேரமாச்சு" என்று கதவைச் சாத்தினான். ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை?

ஏப்ரல் 20, ஞாயிறு

வரவில்லை. வாளிதான்.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஒன்பதாம் பாத்தி நெருக்கமாக வளர்ந்துவிட்டது. இரண்டுக்கு ஒன்றைப் பிடுங்கினால்தான் கிழங்கு பருக்குமாம். தையல்காரி என்னைக் கூப்பிட்டு, "நீங்களே பிடுங்குங்கக்கா. இதுல உங்களை மிஞ்ச ஆள் இல்ல" என்றாள். அத்தனை பேரும் சிரித்துத் தொலைத்தார்கள். நானும்தான்.

பிடுங்கியதைக் கட்டிப் பையில் போட்டுக்கொடுத்தாள். "முயலுக்கு." அடியில் கொட்டகைச் சாவியை நான் போட்டேன்.

தம்பி வாசலிலேயே பையை வாங்கிக் கிளறினான். சாவி விரலில் பட்டது தெரிந்தது. எடுக்கவில்லை.

"நோட்டுல எழுதினியா?"

"எழுதினேன்."

"நேரம்?"

"ஆறு நாற்பது. கையெழுத்தும் போட்டேன்டா, போதுமா?"

உள்ளே போனான். முயலுக்குப் போட்டுவிட்டு வந்தபோது கையில் ஸ்பேனர் பை. "பம்பு எப்படி இருக்கு?"

"உறுமுது."

"உன்னை மாதிரியா?" என்று செருப்பை மாட்டினான்.

இப்போது பன்னிரண்டரை. தோட்டத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் சமையலறை ஜன்னல் வரை கேட்கிறது. ஒன்றரை மாதம் என்னை இப்படி அலைக்கழித்தானே, அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை எனக்கு. சாப்பிட வருவான், தட்டு வைத்ததும் மிச்சத்தைத் திட்டித் தீர்த்துக்கொள்கிறேன்.